கூலியும் ஊதியமும்

(வர்த்தமான மகாவீரர் பிறந்தநாள் விழாவில் நிகழ்ந்த உரையின் எழுத்து வடிவம்)



தமிழ்ச் சொற்களுக்குப் பொருள் வரையறுத்த பணியில் சமணச் சான்றோரின் பங்கு பெரிது. மண்டல புருடர் இயற்றிய சூடாமணி நிகண்டு பன்னிரண்டு தொகுதிகளை உடையது. அவற்றுள் பதினோராம் தொகுதி, ஒரு சொல் எத்தனை பொருள் தரும் என்பதை எடுத்துரைப்பது. திண்ணைப் பள்ளிகளில் பயின்ற சிறுவர்கள் அதனை மனப்பாடமாக ஒப்புவித்தனர். ஒரு சொல்லின் இடத்தில் வேறொரு சொல்லை வைத்துவிட்டால் செய்யுளின் பொருள் கெடும் என்பது அன்றைய ஆசிரியர்களின் கவலை. செய்யுள் மட்டுமன்று, சில சொற்களை மாற்றி வைத்தால் மனிதரின் வாழ்க்கைக் கணக்கே பிழைபட்டுவிடும். அத்தகைய இரு சொற்கள் கூலி, ஊதியம் என்பன.

இன்று இவ்விரண்டும் ஒன்றுக்கு ஒன்று மாற்றாக வழங்குகின்றன. குறைந்தபட்சக் கூலி என்று ஒரு பலகையும், குறைந்தபட்ச ஊதியம் என்று மற்றொரு பலகையும் தொழிற்சாலை வாயில்களில் தொங்குகின்றன. நாள்தோறும் பெறுவது கூலி, மாதந்தோறும் பெறுவது ஊதியம் என்று சிலர் வேறுபாடு கற்பிப்பர். உடலால் உழைப்பவர் பெறுவது கூலி, மேசைமுன் அமர்ந்து பணிபுரிபவர் பெறுவது ஊதியம் என்பாரும் உளர். பழந்தமிழ் வழக்கு இவ்விரண்டையும் ஏற்பதில்லை.

திருவள்ளுவர் இரு சொற்களையும் ஆண்டிருக்கிறார். ஒருவன் தன் உடல் வருந்த முயன்றதற்கு ஈடாக வந்து சேர்வதைக் கூலி என்கிறார். ஊதியம் என்னும் சொல்லையோ முதலோடு சேர்த்துப் பேசுகிறார். ஒரு செயலில் இறங்குமுன் அழிவதையும் ஆவதையும் எண்ணி, பின்னர் வரும் ஊதியத்தையும் எண்ணச் சொல்கிறார். ஆகவே, செலவிட்டதற்கு ஈடாக வருவது கூலி. செலவு போக எஞ்சி நிற்கும் பேறு ஊதியம். வணிகக் குடும்பத்தில் பிறந்தவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. போட்ட முதல் மட்டும் திரும்பி வந்தால் அதனை இலாபம் என்று எந்த வணிகரும் பேரேட்டில் எழுதமாட்டார்.

உழைப்பவனுக்கு முதல் எது? அவனுடைய உடல். காலையில் கொண்டுவந்த வலிமையை மாலைக்குள் அவன் செலவிட்டுவிடுகிறான். அன்று பெற்ற பணம் அந்த வலிமையை மீட்டு, மறுநாள் காலையில் அவனை மீண்டும் வாயிலில் கொண்டுவந்து நிறுத்துவதற்கு மட்டும் போதுமானால், அவனுக்கு முதல் திரும்பியது, அவ்வளவே. அது கூலி. அதற்கும் மேலாக, பிள்ளையின் படிப்புக்கும் நோய்க்கும் முதுமைக்கும் ஏதேனும் எஞ்சுமானால்தான் அது ஊதியம்.

பொருளியலும் சட்டமும் இந்த வேறுபாட்டை இரு தொடர்களால் குறிக்கின்றன. ஒன்று குறைந்தபட்சக் கூலி, மற்றொன்று வாழ்வூதியம். முன்னது ஒரு தளம், அதற்குக் கீழே எவரையும் தள்ளக்கூடாது. பின்னது ஓர் இலக்கு, அதனை நோக்கி எல்லாரையும் உயர்த்த வேண்டும். இன்றுள்ள குறை யாதெனில், தளமாக இடப்பெற்றது பல இடங்களில் கூரையாகிவிட்டது என்பதே.

இதனைக் காணத் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. சென்னையிலிருந்து கூடூர் நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில் மீஞ்சூர், பொன்னேரி கடந்தால் கும்மிடிப்பூண்டி வரும். 1971ஆம் ஆண்டில் தோன்றிய தமிழ்நாடு தொழில் முன்னேற்றக் கழகமாகிய சிப்காட், அங்கே ஒரு தொழில் வளாகத்தை அமைத்துள்ளது. இரும்பு உருட்டாலைகள், உருக்காலைகள், வேதிப்பொருள் ஆலைகள் எனப் பல அங்கே இயங்குகின்றன. மேற்கே தேர்வாய் கண்டிகையில் மற்றொரு வளாகம் எழுந்துள்ளது. அதிகாலைப் புறநகர் வண்டி நிலையத்தில் நின்றதும் சாப்பாட்டுப் பையுடன் இறங்கும் கூட்டத்தில் தமிழ், தெலுங்கு, ஒடியா, இந்தி, வங்காளம் என ஐந்து மொழிகள் ஒலிக்கின்றன. எட்டு மணி நேரப் பணிக்கு என்று வந்தவருள் பலர் பன்னிரண்டு மணி நேரம் கழித்தே திரும்புகின்றனர். அந்த நான்கு மணி நேரத்தில்தான் கூலிக்கும் ஊதியத்துக்கும் உள்ள வேறுபாடு மறைந்துகிடக்கிறது.

குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1948ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. பட்டியலிட்ட தொழில்களுக்கு அரசு கூலி விகிதம் அறிவிக்கவும், ஐந்தாண்டுக்கு மிகாத கால இடைவெளியில் அதனை மறுஆய்வு செய்யவும் அச்சட்டம் வகை செய்தது. அதே 1948இல் நடுவண் அரசு நியாயக் கூலிக் குழு ஒன்றை அமைத்தது. அக்குழு மூன்று படிகளை வரையறுத்தது. கீழ்ப்படி குறைந்தபட்சக் கூலி. அது வெறும் உயிர் வாழ்வுக்கு மட்டுமன்றித் தொழிலாளியின் செயல்திறன் குன்றாமல் காப்பதற்கும் போதுமானதாக இருக்க வேண்டும். மேற்படி வாழ்வூதியம், உணவு, உடை, உறையுள் ஆகியவற்றோடு எளிய வசதிகளையும், மக்களின் கல்வியையும், நோயிலிருந்து பாதுகாப்பையும், முதுமை முதலிய இடர்களுக்குக் காப்பையும் தருவது அது. இரண்டுக்கும் இடைப்பட்டது நியாயக் கூலி. தொழிலின் கொடுக்கும் ஆற்றலைப் பொறுத்து அது ஏறும் அல்லது இறங்கும். அரசியலமைப்பின் 43ஆம் கூறோ வாழ்வூதியத்தையே அரசின் குறிக்கோளாக வைத்தது. ஓய்வையும் பண்பாட்டு வாய்ப்புகளையும் அதனோடு சேர்த்தே கூறியது.

கீழ்ப்படி எவ்வளவு என்பதை 1957ஆம் ஆண்டு புதுதில்லியில் கூடிய பதினைந்தாம் இந்தியத் தொழிலாளர் மாநாடு கணக்கிட்டது. ஒருவரின் உழைப்பை நம்பி மூன்று நுகர்வு அலகுகள் என்பது அதன் அடிப்படை. ஆணுக்கு 1, பெண்ணுக்கு 0.8, இரு பிள்ளைகளுக்கு 0.6 வீதம் 1.2 என்று கூட்டினால் மூன்று வரும். ஓர் அலகுக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி உணவு. அந்த உணவுக் கணக்கு, குன்னூரில் உணவூட்ட ஆய்வகத்தின் இயக்குநராகப் பணியாற்றிய மருத்துவர் அய்க்ராய்டு பரிந்துரைத்தது. ஆளுக்கு ஆண்டுக்கு 18 கெஜம் துணி, அதாவது மூன்று சேலைகளின் அளவு. அரசின் தொழிலாளர் வீட்டுத் திட்டத்திற்குரிய குறைந்த வாடகை. எரிபொருள், விளக்கு முதலியவற்றுக்கு மொத்தத்தில் 20 விழுக்காடு. இக்கணக்கில் மனைவியின் வருவாயையும் பிள்ளைகளின் வருவாயையும் சேர்க்கக்கூடாது என்றும் மாநாடு விதித்தது. ஒருவர் உழைப்பால் ஒரு குடும்பம் வாழ வேண்டும் என்பதே அதன் கருத்து.

இக்கணக்கில் கல்வி இல்லை, மருத்துவம் இல்லை, திருவிழா இல்லை, முதுமை இல்லை. அக்குறையைப் போக்கிய தீர்ப்பு ஒரு சென்னைத் தொழிற்சாலையின் வழக்கில் பிறந்தது. ரெப்டகாஸ் பிரெட் என்னும் மருந்து நிறுவனத்தின் சென்னை ஆலையில் பஞ்சப்படி முறையை மாற்றுவது பற்றி எழுந்த வழக்கு அது. 1991ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தொழிலாளர் பக்கம் தீர்ப்பளித்தது. மக்களின் கல்வி, மருத்துவம், விழாக்கள் உள்ளிட்ட எளிய பொழுதுபோக்கு, முதுமை, திருமணம் ஆகியவற்றுக்காகக் குறைந்தபட்சக் கூலியில் 25 விழுக்காடு சேர வேண்டும் என்று அது கூறியது. அவ்வாறு சேர்த்த பின்னரும் அது உயிர்வாழ்வு நிலைக் கூலியே என்றும், வாழ்வூதியம் அதற்கும் மேற்பட்டது என்றும் தெளிவுபடுத்தியது.

இனி அந்த நான்கு மணி நேரத்துக்கு வரலாம். ஓர் எடுத்துக்காட்டாக, எட்டு மணி நேர வேலைக்கு நாட்கூலி 500 ரூபாய் என்று கொள்வோர், மாதம் 26 நாளுக்கு 13,000 ரூபாய் என்று கணக்கிடுவர். வாடகையும் அரிசியும் ஊருக்கு அனுப்பும் பணமும் அதற்குள் அடங்காதபோது தொழிலாளி மிகைநேர வேலையை நாடுகிறான். சட்டப்படி மிகைநேரத்துக்கு இருமடங்கு தர வேண்டும். அந்நேரத்துக்கு ஓர் உச்ச வரம்பும் உண்டு. ஒற்றை விகிதத்திலேயே கணக்கிடும் ஒப்பந்ததாரரிடம் நாள்தோறும் பன்னிரண்டு மணி நேரம் உழைத்தால் நாளுக்கு 750, மாதத்துக்கு 19,500 ரூபாய் வரும். மாத முடிவில் தொகையைப் பார்ப்பவர், இருபதாயிரம் ஊதியம் வாங்குகிறான் என்பர். உண்மையில் அவன் வாங்கியது ஊதியம் அன்று. ஒரு நாளைக்கு ஒன்றரை நாளின் உடலை விற்று, ஒன்றரை நாளின் கூலியை வாங்கியிருக்கிறான். முதல் கரைவதை இலாபம் என்று எழுதும் பேரேடு அது.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் ஆளுமைக் குழு 2024ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஏற்ற வாழ்வூதிய விளக்கத்தில் ஒரு தொடர் கருதத்தக்கது. தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் தகுதியான வாழ்க்கை தரும் அத்தொகை, இயல்பான வேலை நேரத்தில் ஈட்டக்கூடியதாக இருத்தல் வேண்டும் என்பதே அது. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடந்தரும் சட்டத் திருத்தம் பேரவையில் நிறைவேறியதும், எதிர்ப்பு எழுந்தபின் அது திரும்பப் பெறப்படுவதாக மே நாளன்று அறிவிக்கப்பட்டதும் பலருக்கு நினைவிருக்கும். அந்த விவாதத்தின் உள்ளே இருந்ததும் இதே கேள்விதான். நீண்ட நேரத்தால் வருவதை ஊதியம் எனலாமா?

திருவள்ளூர் மாவட்டத்தின் செங்கல் சூளைகளில் வேறொரு கணக்கு நடக்கிறது. மேற்கு ஒடிசாவின் பலாங்கிர், நுவாபடா முதலிய பகுதிகளிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் வருகின்றனர். வருமுன்னரே முன்பணம் பெற்றுவிடுகின்றனர். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி பேசப்படுகிறது. கணவன் மண் மிதிக்க, மனைவி அச்சில் இட, பிள்ளைகள் கல்லைத் திருப்பிப் போட, எழுந்த கற்களின் எண்ணிக்கை ஒரே பெயரில் ஏறுகிறது. ஒருவர் உழைப்பால் குடும்பம் வாழ வேண்டும் என்பது 1957ஆம் ஆண்டின் கணக்கு. குடும்பம் முழுதும் உழைத்து ஒருவர் கூலி பெறுவது சூளையின் கணக்கு. அதிலும் முன்பணம் கழிந்த பின்னரே கைக்கு வரும்.

இதற்கும் தமிழில் ஒரு பழஞ்சொல் உண்டு. கூலியின்றி வாங்கும் கட்டாய உழைப்பைச் சோழர் காலக் கல்வெட்டுகள் வெட்டி என்று குறிக்கின்றன. பயனற்ற வேலையை வெட்டி வேலை என்று இன்றும் ஊரார் சொல்வது அதன் எச்சமே. அரசியலமைப்பின் 23ஆம் கூறு கட்டாய உழைப்பைத் தடை செய்தது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் முன்பணத்தால் மனிதரைக் கட்டி வைப்பதைக் குற்றமாக்கியது. தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டடப் பணியாளர் வழக்கில் 1982ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் மேலும் ஒரு படி சென்றது. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகப் பெற்று உழைப்பவர், வறுமை என்னும் கட்டாயத்தால் உழைக்கிறார். ஆதலின் அதுவும் கட்டாய உழைப்பே என்று கூறியது. இவ்வாறு பார்த்தால் மூன்று நிலைகள் தெளிவாகின்றன. தளத்துக்குக் கீழே வெட்டி. தளத்தின்மேல் கூலி. அதற்கு மேல் ஏறிச் செல்லும் வழியில் ஊதியம்.

இவ்விடத்தில் தொழில் நடத்துவோரின் பக்கமும் பேசப்பட வேண்டும். சிறிய உருட்டாலை ஒன்றை நடத்துபவருக்கு இரும்பு விலை அவர் கையில் இல்லை. மின்கட்டணமும் வங்கி வட்டியும் அவர் கையில் இல்லை. பொருளை வாங்கும் பெருநிறுவனம் தரும் விலையும் அவர் கையில் இல்லை. வாழ்வூதியத்தை நாளையே தருக என்று அவரை வற்புறுத்துவது நடவாதது. நியாயக் கூலி என்னும் இடைப்படியில் கொடுக்கும் ஆற்றலையும் கருதியது அதனால்தான். ஆயினும் அந்த வாதம் தளத்துக்குக் கீழே செல்லாது. குறைந்தபட்சக் கூலியும் தர இயலாத தொழிலுக்கு இயங்கும் உரிமை இல்லை என்று கிரவுன் அலுமினியம் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1957ஆம் ஆண்டிலேயே கூறிவிட்டது.

கூலி விகிதத்தை உயர்த்த இயலாதவரும் கூலியை ஊதியத்தின் பக்கம் ஒரு படி நகர்த்தலாம். அதற்குப் புதுச் சட்டம் வேண்டுவதில்லை. தொழிலாளர் அரசு ஈட்டுறுதியாகிய இ.எஸ்.ஐ. மருத்துவத்துக்கு உரியது. வருங்கால வைப்பு நிதியாகிய பி.எஃப். முதுமைக்கு உரியது. முன்னதற்கு 1948இலும், பின்னதற்கு 1952இலும் சட்டம் இயற்றப்பட்டது. குறைந்த கூலி பெறுபவனுக்கும் இவ்விரண்டும் உரியன. ஒப்பந்ததாரர் ஒருவர் தொழிலாளியின் பெயரைப் பதியாமல் விட்டால், கையில் தரும் தொகை குறையாமல் தோன்றலாம்; ஆனால் அதிலிருந்த ஊதியப் பகுதி உதிர்ந்து வெறுங்கூலி மட்டும் எஞ்சும். 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், ஒப்பந்ததாரர் கூலி தரத் தவறினால் அதனைத் தர வேண்டியவர் முதன்மை வேலையளிப்பவரே என்று விதித்தது. அது மேஸ்திரியின் பாடு என்று கைகழுவ ஆலை உரிமையாளருக்குச் சட்டம் இடந்தரவில்லை.

சட்டம் இடந்தராத அதனை அறநூலும் ஏற்கவில்லை. தத்துவார்த்த சூத்திரம் இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்களைக் கூறி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து அதிசாரங்களை, அதாவது மீறல்களை, வகுக்கிறது. கொல்லாமை விரதத்தின் மீறல்களாகக் கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல் ஆகியவற்றோடு வேறு இரண்டும் வைக்கப்பட்டுள்ளன. ஒன்று அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுதல். மற்றொன்று உணவையும் நீரையும் தடுத்தல். இவை கள்ளாமையின் கீழ் வைக்கப்படவில்லை, மிகுபொருள் விரும்பாமையின் கீழும் வைக்கப்படவில்லை. கொல்லாமையின் கீழேயே வைக்கப்பட்டுள்ளன. எறும்புக்கும் தீங்கு நேராமல் நடப்பவர், தம் ஆலையில் பன்னிரண்டாம் மணி நேரத்தில் உலைமுன் நிற்பவனை நினைக்க வேண்டிய இடம் அது.

தானத்தைப் பற்றியும் ஒரு சொல். ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என நால்வகைத் தானங்கள் சமண இல்லறத்தார்க்கு விதிக்கப்பட்டுள்ளன. உணவு, மருந்து, கல்வி, அச்சமின்மை என்பன அவற்றின் பொருள். விழாநாளில் அன்னம் இடுவதும், மருத்துவ முகாம் நடத்துவதும், மாணவர்க்கு நூல் வழங்குவதும் இவ்வழிப்பட்டவை. இப்போது நியாயக் கூலிக் குழு வாழ்வூதியத்துக்குத் தந்த விளக்கத்தை மீண்டும் எண்ணிப் பார்க்கலாம். உணவு, நோய்க் காப்பு, மக்களின் கல்வி, முதுமையிலும் இடரிலும் அஞ்சாதிருக்கும் நிலை என்பன அதில் உள்ளன. நான்கும் அவையே.

இரண்டும் ஒன்றுதான் என்று இதற்குப் பொருளன்று. தானம் கொடுப்பவர் மனத்தைப் பொறுத்தது. ஊதியம் பெறுபவர் உரிமையைப் பொறுத்தது. தானம் பெறக் கை நீள வேண்டும்; ஊதியம் பெற்றவர் தம் பிள்ளைக்கும் தாய்க்கும் அந்த நான்கையும் தாமே தருவார். கூலியில் குறைத்ததைத் தானத்தில் கொடுத்தால், உழைத்தவரின் பொருளைக் கொண்டே அவருக்குக் கொடையாளி ஆவதாகும். அந்தப் புகழைக் கணக்கில் எந்தப் பக்கத்தில் எழுதுவது என்பதை வணிகம் அறிந்தவர்களே முடிவு செய்யட்டும்.

1918ஆம் ஆண்டில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது அதன் முன்னணியில் நின்றவர்களுள் ஒருவர் தமிழறிஞர் திரு.வி.கலியாணசுந்தரனார். தமிழ் கற்றவருக்கு ஆலைத் தொழிலாளியிடம் என்ன வேலை என்று அன்று கேட்டவர்கள் இருந்திருக்கலாம். சொல்லுக்கு உரிய பொருளைச் சொல்லுக்கு மீட்டுத் தருவதும், உழைப்புக்கு உரிய பொருளை உழைப்பவருக்கு மீட்டுத் தருவதும் ஒரே பணியின் இரு பக்கங்கள் என்பதை அவர் வாழ்க்கை காட்டியது.

இவ்வுரை கேட்டவருள் ஆலை நடத்துவோர் இருப்பர். கடை நடத்துவோர் இருப்பர். வீட்டில் ஒரு பணிப்பெண்ணை அமர்த்தியிருப்போர் பலர் இருப்பர். அடுத்த மாதம் முதல் வாரத்தில் அவர்கள் பணத்தை எண்ணிக் கொடுக்கும்போது ஒரு கேள்வியைத் தமக்குள் கேட்டுக்கொள்ளலாம். இத்தொகை இவரை மறுநாள் வேலைக்கு வரச் செய்யுமா, அல்லது இவருடைய பிள்ளையை இவரினும் ஒரு படி மேலே ஏற்றுமா? முன்னதாயின் கொடுத்தது கூலி. பின்னதாயின் கொடுத்தது ஊதியம்.